பழைய டியூபாக்களின் குழாய் அமைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

டியூபா என்பது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய பித்தளை ஊதுகருவி. இரண்டு பழைய டியூபாக்களை அருகருகே நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது குழாய் சுருண்டிருக்கும் விதம்தான். ஒன்று நெட்டையாக நிற்கும், மற்றொன்று குட்டையாகப் பருத்திருக்கும். ஒன்றில் வால்வுகளை (அழுத்தினால் கூடுதல் குழாயைத் திறந்துவிடும் விசைகள்) மேலிருந்து அழுத்த வேண்டும், மற்றொன்றில் முன்பக்கத்திலிருந்து. புதிதாக வருகிறவர்கள் இதை வைத்தே "இது பெரிய கருவி, அது சிறியது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் சுருட்டிய விதத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு குறைவு. டியூபாவின் கீழ்ச் சுரங்களில் ஒலி அலையின் நீளம் பல மீட்டர். ஓர் அடி அகலமுள்ள ஒரு வளைவு அந்த அலைக்குப் பெரிய விஷயமில்லை.

ஒலியைத் தீர்மானிப்பவை வேறு. குழாய் எந்த இடத்தில், எவ்வளவு விரைவாக அகலுகிறது? எவ்வளவு தூரம் அகலாமல் ஒரே விட்டத்தில் போகிறது? ஒவ்வொரு வால்வும் எவ்வளவு குழாயைச் சேர்க்கிறது? இவற்றை அளந்து தாளில் எழுதிவிட்டால், பார்வைக்குத் துளியும் ஒத்துப்போகாத இரண்டு டியூபாக்கள் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒன்றே என்பதும் தெரியவரும், இரட்டையர்போல் தோன்றும் இரண்டு வெவ்வேறு பிறவி என்பதும் தெரியவரும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

தையல்காரர் பயன்படுத்தும் துணி டேப், இழுத்தால் நீளாத இரண்டு மீட்டர் பருத்தி நூல், 150 மி.மீ. வெர்னியர் காலிப்பர், எளிதில் உரியும் காகித ஒட்டு நாடா, டார்ச், சுருதியைக் காட்டும் டியூனர், அறை வெப்பமானி, வால்வு எண்ணெய், ஸ்லைடு கிரீஸ். பழைய லேக்கர் பூச்சின் மேல் ஒட்டு நாடாவை ஒரு நாள் விட்டுவைத்தால் பூச்சோடு சேர்ந்து உரியும். அளந்து முடித்த கையோடு எடுத்துவிடுங்கள்.

அசையாத ஸ்லைடை (உள்ளே வெளியே நகர்த்தி நீளத்தைத் திருத்தும் குழாய்த் துண்டு) இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம். பழைய கருவிகளில் தாங்குகம்பிகள் ஈயப் பற்றில்தான் நிற்கின்றன. ஸ்லைடு அசைவதற்கு முன் அந்தப் பற்று விட்டுவிடும், அதோடு மெலிந்த குழாய்ச் சுவரும் கிழியும். ஊடுருவும் எண்ணெயை இணைப்பில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மேலும் கீழும் நகரும் வால்வு உருளைகளான பிஸ்டன்களைக் கழற்றலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து அதனதன் உறையிலேயே திரும்பப் போட வேண்டும். சுழன்று இயங்கும் ரோட்டரி வால்வை நீங்களே திறக்காதீர்கள்.

முதல் படி: எந்தச் சுருதிக் கருவி?

ஒப்பீடு பொருள்பட வேண்டுமானால் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வால்வு எதையும் அழுத்தாதபோது, பி-பிளாட் என்ற மேற்கத்தியச் சுரத்தில் ஒலிக்கும் டியூபாவின் குழாய் நீளம் ஏறக்குறைய 5.5 மீட்டர். சி டியூபா 4.9, இ-பிளாட் 4, எஃப் 3.7 மீட்டர். வால்வைத் தொடாமல் ஊதி, டியூனரில் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கருவிகளில் கணிசமானவை ஏ என்ற சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கும் இன்றைய சுருதிக்குச் செய்யப்படவில்லை. பிரிட்டிஷ் பித்தளை இசைக்குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை ஏ = 452.5 ஹெர்ட்ஸ் அளவிலேயே இருந்தன. அமெரிக்காவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்சுருதி, தாழ்சுருதி என இரண்டு வகையும் விற்பனையில் இருந்தன. 452.5க்கும் 440க்கும் இடைவெளி கிட்டத்தட்ட 48 சென்ட் (அரைச் சுரம் 100 சென்ட்), அதாவது அரைச் சுரத்தில் பாதி. டியூனரின் முள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் போய் நின்றால் கருவி பழுதுபட்டது என்று எண்ணிவிடாதீர்கள், அது உயர்சுருதிக் கருவியாக இருக்கலாம். அதை 440க்குக் கொண்டுவர மொத்த நீளத்தில் 2.8 சதவீதம் சேர்க்க வேண்டும். பி-பிளாட் டியூபாவில் இது சுமார் 16 செ.மீ. ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் இரு கால்களிலுமாக 2 செ.மீ. கூடும், எனவே சுருதி ஸ்லைடை 8 செ.மீ. வெளியே இழுத்தாக வேண்டும். இவ்வளவு இழுக்க எல்லா ஸ்லைடும் இடம் கொடுக்காது. பலர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள்.

உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபா வகையான சூசாஃபோனில் ஏமாறவைக்கும் இன்னொரு விஷயம் உண்டு. உதடு வைத்து ஊதும் மவுத்பீஸுக்கும் கழுத்துக் குழாய்க்கும் நடுவே செருகும் சிறு வளைதுண்டுகள் கழற்றக்கூடியவை, அதனாலேயே அடிக்கடி தொலைந்துபோகும். ஒரு துண்டு இல்லாத கருவியும் உயர்சுருதிக் கருவிபோலவே ஒலிக்கும்.

அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி மாறினால் சுருதி 30 சென்ட் அளவுக்கு நகரும். காலையில் ஒன்றையும் நடுப்பகலில் மற்றொன்றையும் ஊதி ஒப்பிட்டால் வேறுபாடு குழாயினுடையதா, வெயிலினுடையதா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டாம் படி: காற்று போகும் வழியை நேர்கோடாக வரையுங்கள்

தாளில் ஒரு நீளமான கோடு போடுங்கள். இடது முனை மவுத்பீஸ், வலது முனை பெல், அதாவது ஒலி வெளியேறும் பக்கம். மவுத்பீஸ் செருகும் வாயில் விரலை வைத்து, குழாயைத் தொட்டுக்கொண்டே போய், வழியில் வருவதையெல்லாம் கோட்டில் குறியுங்கள்: லீட்பைப் (மவுத்பீஸிலிருந்து வால்வுக்குப் போகும் குழாய்), வால்வுகள், சுருதி ஸ்லைடு, சிறு வளைவுகள், மேல் வளைவு, அடி வளைவு, பெல் தண்டு, பெல்லின் விரிந்த வாய். கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தால் ஏமாந்துவிடுவீர்கள். அருகருகே ஓடும் இரண்டு குழாய்களில் எது எங்கே திரும்புகிறது என்பது கை வைத்தால்தான் தெரியும். ஒவ்வொரு வால்வும் சேர்க்கும் குழாய்களான வால்வுச் சுற்றுகளை இந்தக் கோட்டில் சேர்க்க வேண்டாம். அவற்றைக் கோட்டுக்கு மேலே தனி வளையங்களாக வரையுங்கள்.

இந்த ஒரு வரைபடமே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். சுருதி ஸ்லைடு வால்வுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா? லீட்பைப் வால்வுவரை எவ்வளவு நீளம்? வால்வுக்குப் பிறகு நேர் உருளையாகப் போகும் தூரம் எவ்வளவு? ஸ்லைடு இருக்கும் இடத்தில் குழாய் அகலவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்று வழுக்க வேண்டுமானால் கால்கள் ஒரே விட்டத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே ஸ்லைடு இருக்கும் இடமெல்லாம் விரிவு சற்று நின்று போகும் இடம். சில தயாரிப்பாளர்கள் இதைக் குறைக்க ஸ்லைடின் ஒரு காலை மெல்லியதாகவும் மறுகாலை அகலமாகவும் செய்தார்கள். அப்படிப்பட்ட ஸ்லைடு ஒரு திசையில் மட்டுமே நுழையும். அதைத் தலைகீழாகத் திணிக்க முயல வேண்டாம்.

அடுத்து நீளம். இங்கேதான் புதியவர்களின் அளவு பெரும்பாலும் தவறிப்போகிறது. வளைவின் வெளிப்பக்கமாக நூலை ஓட்டினால் உண்மையைவிடக் கூடுதல் வரும், உட்பக்கமாக ஓட்டினால் குறைவு வரும். அரைவட்ட வளைவில் குழாயின் தடிமன் 10 செ.மீ. என்றால் வெளிப்பக்க அளவு நடுக்கோட்டைவிட 15.7 செ.மீ. அதிகம். வளைவு அகலமோ குறுகலோ, இந்தத் தவறு மாறாது, குழாயின் தடிமனை மட்டுமே பொறுத்தது. உயர்சுருதிக்கும் தாழ்சுருதிக்கும் உள்ள மொத்த வேறுபாடே 16 செ.மீ. என்று பார்த்தோம். ஒரே ஒரு வளைவில் கவனம் பிசகினால் அந்த முழு வேறுபாடும் கணக்கில் புகுந்துவிடும். எனவே ஒவ்வொரு வளைவையும் இணைப்பு வளையத்திலிருந்து இணைப்பு வளையம்வரை வெளிப்பக்கம் ஒருமுறை, உட்பக்கம் ஒருமுறை அளந்து, சராசரி எடுங்கள்.

மூன்றாம் படி: வால்வுச் சுற்றுகள்

பழைய டியூபாக்களின் வேறுபாடுகளில் மிகச் சுவையான பகுதி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

கணக்கு எளிது. அரைச் சுரம் இறக்க, இருக்கும் நீளத்தில் 5.95 சதவீதம் சேர வேண்டும். முழுச்சுரத்துக்கு 12.25, ஒன்றரைக்கு 18.9, இரண்டரைக்கு 33.5 சதவீதம். ஒலிக்குத் தெரியும் நீளம் பித்தளையின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், பி-பிளாட் டியூபாவுக்கான அளவுகளை வரம்பாகவே தர முடியும்:

இரண்டாம் வால்வு (அரைச் சுரம்): 33–35 செ.மீ.
முதல் வால்வு (முழுச்சுரம்): 67–72 செ.மீ.
மூன்றாம் வால்வு (ஒன்றரைச் சுரம்): 104–112 செ.மீ.
நான்காம் வால்வு (இரண்டரைச் சுரம்): 184–198 செ.மீ.

ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, வால்வு உறையிலிருந்து உறைவரை வெளியே தெரியும் குழாயை நடுக்கோட்டு முறையில் அளங்கள். வால்வுக்குள் காற்று திரும்பும் பாதை இந்த அளவில் சேராது. ஆகவே சில செ.மீ. குறைவாக வருவது இயல்பு. மூன்றாம் சுற்று மட்டும் 140 செ.மீ.க்கு மேல் வந்தால் அளவு தவறவில்லை. ஒன்றரைக்குப் பதிலாக இரண்டு முழுச்சுரம் இறக்கும் மூன்றாம் வால்வும் பழைய ஐரோப்பியக் கருவிகள் சிலவற்றில் உண்டு. அதில் இன்றைய விரலமைப்பை அப்படியே வைத்து வாசித்தால் பாதிச் சுரங்கள் பொய்யாகிவிடும்.

இப்போது எல்லா டியூபா தயாரிப்பாளர்களும் மல்லுக்கட்டிய சிக்கலுக்கு வருவோம். முதலையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டரைச் சுரம் இறங்க வேண்டும். ஆனால் 12.25ஐயும் 18.9ஐயும் கூட்டினால் 31.2 சதவீதம்தான் வருகிறது, தேவை 33.5. முதல் சுற்றின் நீளம் திறந்த குழாய்க்குக் கணக்கிட்டது. மூன்றாம் வால்வு ஏற்கெனவே குழாயை நீட்டிவிட்ட பிறகு அந்த நீளம் போதாது. பி-பிளாட் டியூபாவில் பற்றாக்குறை 13, 14 செ.மீ., சுரம் 30 சென்ட் உயர்ந்து நிற்கும். மூன்று வால்வையும் சேர்த்து அழுத்தினால் பற்றாக்குறை 24, 25 செ.மீ., உயர்வு 50 சென்டைத் தாண்டும். இதை ஒவ்வொரு மரபும் எப்படித் தீர்த்தது என்று பார்த்தாலே கருவி எங்கிருந்து வந்தது என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

நான்காவது வால்வு சேர்ப்பது ஒரு வழி. ஒன்று-மூன்றுக்குப் பதிலாக நான்கு, மூன்றையும் அழுத்துவதற்குப் பதிலாக இரண்டு-நான்கு. ஆனால் இரண்டு-நான்கிலும் 11, 12 செ.மீ. குறையும். அதற்குமேல் ஐந்தாவது வால்வு வந்தது. அதன் சுற்றை அளந்து முதல் சுற்றோடு ஒப்பிடுங்கள். முதலாவதைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீளமாக இருந்தால், அது நான்காவதோடு சேர்ந்து முழுச்சுரம் இறக்குவதற்காக வைத்தது. முதலாவதைப்போல் இரு மடங்கு இருந்தால் அது இரண்டு முழுச்சுர வால்வு. ஐந்து வால்வு என்பது டியூபாவின் பிறப்பிலேயே உள்ளது. வில்ஹெல்ம் வீப்ரெக்டும் யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் 1835 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் காப்புரிமை பெற்ற முதல் எஃப் டியூபாவுக்கே ஐந்து வால்வுகள். பிரெஞ்சு மரபின் சிறிய சி டியூபாவும் வியன்னாவின் எஃப் டியூபாவும் ஆறு வரை போயின.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. பூசி நிறுவனத்தின் டேவிட் ஜேம்ஸ் பிளைக்லி 1874இல் காப்புரிமை பெற்ற ஈடுசெய் முறையில், நான்காவது வால்வை அழுத்தினால் காற்று அதன் சுற்றை முடித்துக்கொண்டு மற்ற மூன்று வால்வுகளுக்குள் இரண்டாம் முறை நுழையும். அங்கே ஒவ்வொன்றுக்கும் இன்னொரு குட்டிச் சுற்று காத்திருக்கும். அவற்றின் நீளம் முதன்மைச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு: பி-பிளாட் டியூபாவில் இரண்டாவதற்கு 11–12, முதலாவதற்கு 22–24, மூன்றாவதற்கு 35–37 செ.மீ. மூன்று வால்வு மட்டும் உள்ள ஈடுசெய் கருவியில் இந்த வேலையை மூன்றாம் வால்வு செய்யும். அங்கே குட்டிச் சுற்றுகள் இரண்டுதான், அளவும் சிறியது: 6 செ.மீ., 13 செ.மீ.

ஈடுசெய் கருவியா என்று அறிய வால்வு உறைகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிறு வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உறுதிசெய்ய ஒரு பிஸ்டனைக் கழற்றுங்கள். சாதாரண பிஸ்டனில் ஆறு வாய்கள், ஈடுசெய் பிஸ்டனில் அதைவிட அதிகம், உடலும் நீளம். இந்த அமைப்பின் விலை என்னவென்றால், நான்காவதை அழுத்தியதும் காற்று பல குறுகலான திருப்பங்களைத் தாண்ட வேண்டும், எனவே கீழ்ச் சுரங்களில் ஊதுவதற்குக் கொஞ்சம் அடைப்பு தெரியும். மெல்லிய குழாயில் நெருக்கி மடித்த வளைவுகள், வால்வுக்குள் குறுகும் பாதைகள் ஆகியவைதான் வளைவு உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய இடங்கள். குட்டிச் சுற்றுகளில் அழுக்கு படிந்தால் வெளியே தெரியாது. பழைய ஈடுசெய் டியூபா ஒன்று நான்காவதோடு மட்டும் மந்தமாக ஒலித்தால், வடிவமைப்பைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சுற்றுகளைக் கழுவிப் பாருங்கள்.

வால்வின் வகையையும் குறியுங்கள். வியன்னாவில் 1835இல் யோசஃப் ரீடல் காப்புரிமை பெற்ற ரோட்டரி, பாரிஸில் 1839இல் பிரான்சுவா பெரினே காப்புரிமை பெற்ற பிஸ்டன், குட்டையாகவும் தடித்தும் இருக்கும் பெர்லின் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். பெரினே பிஸ்டனில் சுற்றின் இரு முனைகளும் வெவ்வேறு உயரத்தில் சேரும், பெர்லின் பம்பில் ஒரே மட்டத்தில் சேரும். அதை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

நான்காம் படி: உள்விட்டமும் விரிவும்

வால்வுப் பகுதியின் உள்விட்டத்தை அளக்க ஒரு வால்வு ஸ்லைடை வெளியே எடுத்து, அதன் உட்காலின் வாயில் காலிப்பரின் உள்ளளவு முனைகளை வையுங்கள். வாய் வட்டமாக இராது. ஒருமுறை அளந்து, 90 டிகிரி திருப்பி மறுமுறை அளந்து, சராசரி எடுங்கள். பழைய ஸ்லைடு முனைகளில் உள்நோக்கி மடிந்த பிசிறு இருந்தால் அளவு குறைந்து வரும். எல்லா ஸ்லைடுகளையும் அளங்கள். நான்காவதன் விட்டம் மட்டும் பெரிதாக இருக்கும் கருவிகள் உண்டு, வால்வுக்கு வால்வு விட்டம் கூடிக்கொண்டே போகும் ரோட்டரிக் கருவிகளும் உண்டு. பொதுவாகப் பழைய பிஸ்டன் டியூபாக்களில் 17 முதல் 19 மி.மீ., ஜெர்மானிய ரோட்டரி டியூபாக்களில் 19 முதல் 21 மி.மீ. பார்ப்பீர்கள்.

வால்வு விட்டத்தை மட்டும் வைத்து "அகலக் கருவி, குறுகிய கருவி" என்று சொல்வது பரவலான பழக்கம். அது பாதித் தகவல்தான். 17.5 மி.மீ. வால்வுக்குப் பிறகு வேகமாக அகலும் ஒரு டியூபா, 20 மி.மீ. வால்வுக்குப் பிறகு மெதுவாக அகலும் டியூபாவைவிடப் பருத்த ஒலி தரக்கூடும். எனவே விரிவைக் கட்டாயம் அளக்க வேண்டும்.

முறை இது. பெல்லின் விளிம்பிலிருந்து பின்னோக்கி, நடுக்கோட்டில் 50 செ.மீ.க்கு ஒருமுறை சிறு ஒட்டு நாடாவால் குறியிடுங்கள். விளிம்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், வால்வுப் பக்கம் ஒவ்வொரு கருவியிலும் வேறு வேறாக மாறிக்கொண்டே இருக்கும், பெல் முனைதான் நிலையான தொடக்கம். ஒவ்வொரு குறியிலும் துணி டேப்பைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சுற்றி, சுற்றளவை எழுதுங்கள். அதை 3.1416ஆல் வகுத்து, சுவரின் தடிமனுக்காக 1.2 மி.மீ. கழியுங்கள். அடி வளைவில் சுற்றளவு 38 செ.மீ. என்றால் விட்டம் 12.1 செ.மீ., சுவரைக் கழித்தால் ஏறக்குறைய 12. டேப் சாய்ந்தால் அளவு கூடும். நசுங்கிய இடத்திலும், காப்புத் தகடு பற்றவைத்த இடத்திலும், இணைப்பு வளையத்தின் மேலும் சுற்ற வேண்டாம். சில செ.மீ. தள்ளிச் சுற்றி, எவ்வளவு தள்ளினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

கட்டமிட்ட தாளில் கிடையாக நீளத்தையும் செங்குத்தாக விட்டத்தையும் போட்டுப் புள்ளிகளை இணையுங்கள். இரண்டு கருவிகளின் கோடுகளையும் ஒரே தாளில் வெவ்வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டும் ஒரே சுருதியானால் நேரடியாக ஒப்பிடலாம். ஒன்று பி-பிளாட், மற்றொன்று இ-பிளாட் என்றால், கிடையளவை மொத்த நீளத்தின் சதவீதமாக மாற்றிக்கொண்டு வரையுங்கள்.

கோடு எங்கே பிரிகிறது என்று பாருங்கள். கடைசி 50 செ.மீ.யில் மட்டும் பிரிந்தால் பெல் வாயின் அகலம்தான் வேறு, அது ஒலி பரவும் விதத்தை மாற்றும், கருவியின் அடிப்படைக் குணத்தை அவ்வளவாக மாற்றாது. நடுப்பகுதியில், அதாவது விளிம்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் பிரிந்தால் அவை இரண்டு வெவ்வேறு வடிவமைப்புகள். அடி வளைவின் விட்டமும் பெல் தண்டின் கழுத்து விட்டமும் பெல் வாயின் விட்டத்தைவிட அதிகம் சொல்லும். நாலில் மூன்று, நாலில் நாலு, நாலில் ஐந்து, நாலில் ஆறு என்று விற்பனையில் சொல்லும் பின்ன அளவுகளுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் ஐந்து இன்னொருவரின் நாலு.

பருத்த விரிவு எப்படி வளர்ந்தது என்பதையும் இந்தக் கோடுகளிலேயே காணலாம். 1835இன் பெர்லின் டியூபா இன்றைய கண்ணுக்கு மெலிந்த உருவம். பொஹீமியாவின் வாட்ஸ்லாவ் செர்வெனி 1880களில் செய்த கைசர் பாஸ் டியூபாக்கள் அந்த விரிவைப் பெரிதும் கூட்டின. அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸில் யார்க் நிறுவனம் 1930களில் செய்த இரண்டு பெரிய சி டியூபாக்கள் சிகாகோ சிம்பொனியின் ஆர்னால்டு ஜேக்கப்ஸ் வழியாகப் புகழ்பெற்றன. இன்றும் பல தயாரிப்பாளர்கள் அவற்றின் விரிவைத்தான் அளந்து பின்பற்றுகிறார்கள்.

ஐந்தாம் படி: பிற்காலத்தில் யாராவது கை வைத்திருக்கிறார்களா?

நூறு வயதான கருவி பிறந்தபடியே இருப்பது அரிது. மாற்றியமைத்த கருவியை அளந்துவிட்டு "அந்தக் காலத்து வடிவமைப்பு இப்படி" என்று எழுதிவைத்தால் உங்கள் ஒப்பீடு முழுக்க வீண்.

அதிகம் நடப்பது பி-பிளாட் டியூபாவைச் சி டியூபாவாக வெட்டுவது. அதற்கு மொத்த நீளத்தில் சுமார் 11 சதவீதம், அதாவது 60 செ.மீ.க்குச் சற்று மேல் நீக்க வேண்டும், எல்லா வால்வுச் சுற்றுகளையும் அதே விகிதத்தில் குறுக்க வேண்டும். இது பெரும்பாலும் மேல் வளைவுகளை அடுத்த பகுதியில் நடக்கும். நீங்கள் வரைந்த கோட்டில் ஓரிடத்தில் விட்டம் படிபோல் தாவினால் அங்கே துண்டு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் உண்டு: தாங்குகம்பி இல்லாத இடத்தில் அதன் பாதத் தடம், மற்ற வளையங்களோடு ஒத்துப்போகாத ஓர் இணைப்பு வளையம், ஓரிடத்தில் மட்டும் புதிதாக மின்னும் லேக்கர்.

உயர்சுருதியிலிருந்து மாற்றிய கருவியில் இன்னொரு கோளாறு வரும். சுருதி ஸ்லைடை மட்டும் நீட்டிவிட்டு, வால்வுச் சுற்றுகளை மறந்துவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு வால்வு ஸ்லைடையும் இழுத்துவைக்க வேண்டியிருக்கும்: பி-பிளாட் டியூபாவில் இரண்டாவது அரை செ.மீ., முதலாவது 1, மூன்றாவது ஒன்றரை, நான்காவது இரண்டரை செ.மீ.க்குச் சற்று மேல். ஸ்லைடை இழுத்தால் உட்காலுக்கும் வெளிக்காலுக்கும் இடையே சற்று அகன்ற ஒரு பள்ளமும் உருவாகும். அரை செ.மீ. இழுப்பதில் கெடுதல் இல்லை, 8 செ.மீ. இழுத்தால் அது விரிவின் ஒரு பகுதியாகவே மாறிவிடுகிறது.

லீட்பைப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஈரம் முதலில் தாக்குவது அதைத்தான். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோனால் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றும், நடுவில் கறுத்த ஒரு துளி இருக்கும். அது உள்ளிருந்து வெளியே வந்த அரிப்பு, தேய்த்தால் போகாது. பழைய டியூபாக்கள் பலவற்றில் லீட்பைப் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும். மாற்றியவர் கையில் கிடைத்த குழாயைப் போட்டிருந்தால், தொடக்க விட்டமும் விரிவும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆறாம் படி: ஊதிப் பார்த்தல்

முதலில் கசிவு சோதனை. வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து, சில நொடி பொறுத்து, வால்வை அழுத்துங்கள். "பொப்" என்று ஒலி வந்தால் அந்தச் சுற்று காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒலி வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. தேய்ந்த வால்வின் மந்தமான ஒலியைக் குழாய் வடிவத்தின் குறையாக எழுதிவிடக் கூடாது.

இரண்டுக்கும் ஒரே மவுத்பீஸ் பயன்படுத்த வேண்டும், ஆனால் அது இரண்டிலும் சரியாக உட்கார வேண்டும். அமெரிக்க ஷேங்க் (மவுத்பீஸின் செருகும் முனை) மெலிந்தது, ஐரோப்பிய ஷேங்க் தடித்தது, பழைய இ-பிளாட் கருவிகள் சிலவற்றின் வாய் இன்னும் சிறியது. ஆடினாலும் தவறு, பாதியிலேயே நின்றாலும் தவறு.

ஐந்து நிமிடம் ஊதிக் கருவியைச் சூடாக்கிய பின், வால்வு எதையும் அழுத்தாமல் இரண்டாம் இயல்சுரத்திலிருந்து எட்டாம் இயல்சுரம் வரை (உதட்டால் மட்டுமே மாற்றி எடுக்கும் சுரங்களின் வரிசை எண் இது) ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். டியூனர் காட்டும் சென்டை எழுதுங்கள். முள்ளைப் பார்த்து உதட்டால் திருத்தாமல் கண்ணை மூடி ஊதுங்கள், இன்னொருவர் எண்ணைக் குறிக்கட்டும். ஐந்தாவது 14 சென்ட் தாழ்ந்தும், ஏழாவது 30 சென்டுக்கு மேல் தாழ்ந்தும் வருவது இயற்கை, அதைக் குறையாக எண்ண வேண்டாம். அதற்கு மேற்பட்ட விலகல் எதுவோ அதுதான் இந்தக் குழாயின் விரிவு தரும் தனிக்குணம். நடுவே படிபோல் தாவும் விரிவுள்ள கருவியில் ஏதோ ஒரு சுரம் மட்டும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் 20, 30 சென்ட் விலகி நிற்கும். வரைபடத்தின் தாவலையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு ஒன்று-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு, இரண்டு-நான்கு ஆகியவற்றை ஊதி, மூன்றாம் படியில் கணக்கிட்ட பற்றாக்குறையோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் ஸ்லைடு ஏற்கெனவே இழுத்துவைக்கப்பட்டிருந்தால் ஒன்று-மூன்று சரியாக வரும், ஆனால் இரண்டு-மூன்று தாழும். அளக்கும்போது எல்லா வால்வு ஸ்லைடுகளும் முழுக்க உள்ளே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஸ்லைடுகளைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவி, வால்வை அழுத்திக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். அழுத்தாமல் தள்ளினால் உள்ளே அடைபட்ட காற்று தேய்ந்த வால்வைத் தள்ளி எண்ணெயை வெளியேற்றும். அடுத்த கருவியை அளக்கும்வரை டியூபாவை விளிம்பின் மேல் கவிழ்த்து நிறுத்தாமல் துணி விரித்துப் படுக்கவையுங்கள். மெலிந்த பழைய விளிம்பு எடையில் வளைந்தால், நீங்கள் அளக்கத் தொடங்கிய அந்த முதல் புள்ளியே இடம் மாறிவிடும்.